மாரிக்கு மாறி போதாது

துளி ஒன்றுக்கு ஒரு மாறி.
துளி இரண்டுக்கு இன்னொரு மாறி.
கந்தோர் மடிக்கணினியில், கரண்ட் போன இரவில்,
பற்றறி தீர முன் பதினேழு வரை
கையாலேயே எழுதினேன்.
எக்ஸ் பதினேழு, வை பதினேழு, விழும் வேகம் பதினேழு.
ஓடவிட்டேன்.
கறுப்புத் திரையில் பதினேழு வெள்ளைக் கோடுகள்.
வெளியே கிரானில் பெய்ததற்குப் பக்கத்தில்
அதைத் தூறல் என்றும் சொல்ல ஏலாது.

மாரிக்கு மாறி போதாது.
சொல்லிப் பார்த்துத் தனியே சிரித்தேன்.

தம்பி நிரோஜன் பரீட்சை முடிந்து
நிறுத்து விற்கக் கட்டிவைத்த கொப்பிகளில்
ஐசிடிக் கொப்பி மேலே கிடந்தது.
அணி, என்று சிவப்பு மையில் தலைப்பு.
ஒரு பெயர், பல இடம்.
சதுர அடைப்புக்குள் இடத்தின் எண். அது சுட்டி.
பக்கத்திலேயே
நெற்றிச்சுட்டி வைத்த ஒரு பெட்டையின் முகம் கீறியிருந்தான்.
பாடத்தைக் கவனித்திருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

துளிகள் என்று ஒரே பேர்.
ஐந்நூறு தடவை சுற்று,
ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைச் சேர்.
ஆறே வரி.
கூரையில் பெய்வதும் மடியில் பெய்வதும்
கொஞ்ச நேரம் ஒரே மழையாய் இருந்தது.

ஆனால் முதல் துளியின் எண் பூச்சியம்.
இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள்.
நான் பட்டியல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்:
குடும்பத் தலைவர், அங்கத்தவர், அடையாள அட்டை, ஒப்பம்.
என் பட்டியலில் பூச்சியம் என்றால் ஆளில்லை.
இங்கே பூச்சியம்தான் முன்னுக்கு நிற்கிறது,
எல்லாருக்கும் முதல் வந்து.
ஐந்நூறு எங்கே என்று கேட்டால்
அப்படி ஒருவரும் இல்லை என்கிறது.

நிலம் தொட்ட துளியை நீக்கு என்று எழுதினேன்.
அப்போதுதான் மினுங்கத் தொடங்கியது.
நடுவானில் ஒரு துளி ஒரு கணம் காணாமல் போய்
மறு கணம் திரும்ப வரும்.
கண் களைப்பு என்று முகம் கழுவி வந்தேன்.
இல்லை.
ஒன்றை நீக்கினால் பின்னால் நின்றது
அந்த இடத்துக்கு நகர்கிறது.
நானோ அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன்.
நகர்ந்து வந்ததை
யாரும் பார்ப்பதில்லை.

கை நின்றுவிட்டது.

பாலத்தைத் தண்ணீர் மூடிய கிழமை.
புலிபாய்ந்தகலுக்குப் படகில் உலருணவு.
பள்ளிக்கூட வாங்கில்களை ஒரே வரிசையில் போட்டு
ஆட்களை இருத்தினோம்.
தகரத்தில் மழை, பேர் கூப்பிட்டால் கேட்காது.
விரலை நீட்டி எண்ணித்தான் கொடுத்தேன்.
வாங்கியவர் ஒப்பம் வைக்கும் வரை இருக்க வேணும்.
பதினோராவதாய் இருந்தவள் மட்டும்
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உடனே ஒப்பம் வைத்து எழும்பினாள்.
பின்னால் இருந்தவர்கள் ஒரு ஆள் தூரம்
அரக்கி அரக்கி முன்னுக்கு வந்தார்கள்.
நான் பன்னிரண்டு என்றேன்.

படகில் ஒரு பொதி திரும்பி வந்தது.
மேலதிகம் ஒன்று. ஒப்பம் இல்லாத பேரும் ஒன்று.
சமூகமளிக்கவில்லை, என்று என் கையெழுத்து.
கணக்குச் சரி.
ஏஓ கூட நல்லது என்றார்.

கோப்பை எடுத்துவந்து தரையில் விரித்தேன்.
பூபாலரெத்தினம் குணவதி.
அங்கத்தவர் ஐந்து.
அவள் ஏன் கேட்கவில்லை?
கேட்டிருப்பாள். மழை.
அல்லது அடுத்த படகில் வரும் என்று
பக்கத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

துளிகளைத் திருத்துவது லேசு.
கடைசியில் தொடங்கிப் பூச்சியத்துக்குக் கிறுகி வா.
அப்படி வந்தால் எது போனாலும்
நகர்கிறவர்கள் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள்.
ஒரு வரிதான் மாற்றினேன்.
மினுங்கல் இல்லை, ஐந்நூறும் விழுந்துகொண்டேயிருந்தன.

பேருக்கு நேரே ஒரு தொலைபேசி எண் இருக்கிறது.
நேரம் பதினொன்று நாற்பது.
இப்போது பாலம் தெரிகிறது, படகு தேவையில்லை,
சைக்கிளிலேயே போகலாம்.
போய் என்னவென்று தொடங்குவது?
அக்கா, அண்டைக்கு நீங்கள்
வாங்கிலில் எத்தனையாவதாய் இருந்தீங்கள்?